அம்மாவுக்கு எழுதிக்கொடுத்த இங்கிலீஷ்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தது நான்தான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. மாணவி ஒரே ஒருத்தி, என் அம்மா. சம்பளம் கிடையாது, ஆனால் அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தை நான் கொஞ்சமும் வீணாக்கவில்லை.

தென்காசிப் பக்கத்திலிருந்து நாங்கள் திருவனந்தபுரத்துக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்குச் சாலை என்கிற கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையில் வேலை. அதற்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்கு அடியில் அடுப்படி அமைந்த வீட்டில் வாடகைக்கு இருந்தோம். கடைக்கு வருகிறவர்களோடு பேசியும் பில் எழுதியும் அப்பா மலையாளத்தில் தேறிவிட்டார். நானும் தம்பியும் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டோம். அம்மாதான் பாவம். சாலையில் பாதிக் கடை தமிழ்க் கடை என்பதால் அரிசி பருப்பு வாங்க அவளுக்கு மலையாளம் தேவைப்படவில்லை. தேவைப்பட்ட இடங்களில் தமிழையே கொஞ்சம் இழுத்துப் பேசினால் மலையாளம் ஆகிவிடும் என்று நம்பினாள். ஒருமுறை ஏதோ ஓர் ஆபீசில் அப்படி இழுத்துப் பேசப்போக, உள்ளே இருந்தவர் இவளுக்குப் பதில் சொல்லாமல் பக்கத்து மேஜைக்காரரிடம், "பாண்டியாணு, ஒந்நும் மனசிலாவுந்நில்லா" என்று, அதாவது பாண்டிக்காரி, ஒன்றும் புரியவில்லை என்று, சொல்லிச் சிரித்தாராம். பாண்டி என்று தமிழர்களான எங்களைச் சொல்கிறவர்கள் எந்தக் குரலில் சொல்வார்கள் என்று அந்த ஊரில் இருந்த எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மாவுக்கும் அந்த ஒரு மலையாளச் சொல் நன்றாகவே புரிந்தது.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. வெங்காயத்தை எடுத்துத் தேவைக்கு மேல் நறுக்கித் தள்ளினாள். நறுக்கி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நம்ம பாஷையும் வேண்டாம், அவங்க பாஷையும் வேண்டாம். இங்கிலீஷ்ல பேசினா ஒருத்தனும் சிரிக்க மாட்டான், கேட்டியா. நீ எனக்குச் சொல்லித் தா."

அவள் கேட்டது எனக்கும் வசதியாகப் போயிற்று. அதற்கு ஒரு காரணம் இருந்தது. இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ந்த புதிதில் என் மலையாளத்தைக் கேட்டு வகுப்பே சிரித்தது. அந்த அவமானத்தில் நான் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். எங்கள் வீட்டில் இங்கிலீஷ்தான் பேசுவோம், அதனால்தான் மலையாளம் வரவில்லை என்றேன். மற்றவர்கள் நம்பினார்களோ இல்லையோ, முதல் பெஞ்சில் இருந்த ஒரு பாங்கு அதிகாரியின் மகள் நம்பினாள். அவள் ஒருத்தி நம்பினால் எனக்குப் போதும். அவளுடைய பென்சில் பெட்டியும் இங்கிலீஷும் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அம்மா நாலு வாக்கியம் கற்றுக்கொண்டால் என் பொய்யில் கால்வாசியாவது உண்மையாகும் அல்லவா.

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் இங்கிலீஷ் பேசக் கற்றுத்தரும், அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றை அப்பா வாங்கி வந்தார். அதில் வந்தவர்கள் வேறு உலகத்து ஆட்கள். குடையைக் கப்பலில் மறந்து வைத்துவிட்டேன் என்றார்கள். சாப்பாட்டு மேஜையில் உப்பை இந்தப் பக்கம் நகர்த்தச் சொன்னார்கள். அம்மாவுக்குக் கப்பலும் இல்லை, மேஜையும் இல்லை. ஆகவே நானே ஒரு நோட்டுப் போட்டேன். தபால் ஆபீசுக்கு நாலு வரி, பாங்குக்கு ஆறு வரி, ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க மூன்று வரி, ரயில்வே ஸ்டேஷனுக்கு ஒரு பக்கம் முழுக்க. இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கீழே அர்த்தம் போட்டேன். "விச் கவுண்டர் சார்?", "ஒன் ஃபார்ம் ப்ளீஸ்", "வென் ஷல் ஐ கம் அகெய்ன்?" இப்படி. அம்மா மாவாட்டும்போதும் துணி துவைக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். குழம்பு கொதித்து வழியும்போதுகூட "ஒன் மினிட் ப்ளீஸ்" என்று அதனிடம் சொன்னதைத் தம்பி கேட்டிருக்கிறான்.

சாயங்காலம் பரீட்சை. அடுப்படி ஜன்னல்தான் கவுண்டர். கம்பிக்கு உள்ளே நான், வெளியே முற்றத்தில் அம்மா. தம்பிதான் வரிசை. பின்னால் நின்று அவளை நெருக்கித் தள்ள வேண்டியது அவன் வேலை, அதை அவன் சந்தோஷமாகச் செய்தான். ஒரு வார்த்தை தப்பினாலும் நான் "நெக்ஸ்ட்!" என்று கத்துவேன். அம்மா வரிசையின் கடைசிக்கு, அதாவது தம்பிக்குப் பின்னால், போய் நிற்க வேண்டும். பெரும்பாலும் சிரித்துக்கொண்டேதான் நின்றாள். கால் கடுக்கிறது, அடுப்பில் உலை இருக்கிறது என்று சொன்ன நாட்களிலும் நான் விடவில்லை. ஒருமுறை "இவ்வளவு மண்டையில ஏறாதா உனக்கு?" என்றுகூடக் கேட்டேன். அது எங்கள் வகுப்பு டீச்சர் எங்களைக் கேட்பது. அம்மா தம்பிக்குப் பின்னால் போய் நின்றாள்.

என் பாடத்திட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கவுண்டருக்கு வெளியே நிற்கிறவர் பேச வேண்டியது மட்டும்தான் நோட்டில் இருந்தது. உள்ளே இருக்கிறவர் திருப்பிக் கேட்பதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நான் உட்கார்ந்த கவுண்டரில் எதிர்க்கேள்வி கேட்கும் வழக்கமில்லை. அம்மாதான் ஒரு நாள் சந்தேகம் கேட்டாள்.

"அவுக என்னமும் கேட்டா நான் என்னட்டி சொல்லணும்?"

எனக்குப் பசி. பாடம் சீக்கிரம் முடிந்தால் சரி என்றிருந்தது. எது கேட்டாலும் "எஸ் சார்" என்று சொல், கடைசியில் "தேங்க்யூ சார்" என்று சொல், மரியாதையாக இருக்கும் என்றேன். ஆபீசில் இருப்பவர்களிடம் இல்லை என்று மறுத்துப் பேசக்கூடாது என்பது அம்மா ஊரிலிருந்தே கொண்டுவந்த பழக்கம். அதனால் நான் சொன்னது அவளுக்கு ரொம்பப் பொருத்தமாகப் பட்டது. நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்த இரண்டு வரிகளையும் அவளே தன் கையால் எழுதிக்கொண்டாள்.

தபால் ஆபீசில் அரங்கேற்றம் நடந்தது. "ஃபோர் இன்லேண்ட் ப்ளீஸ்" என்றாள். கேட்டது கிடைத்தது. உள்ளே இருந்த பெண் இவளைப் பார்த்து லேசாகச் சிரித்தும் வைத்தாள். அன்று முழுவதும் அம்மாவின் காலே தரையில் பாவவில்லை. எதிர்வீட்டு அக்காவிடமும் பால்காரரிடமும் என்னைக் காட்டி, எல்லாம் இவள் சொல்லிக்கொடுத்தது என்றாள். நான் இதெல்லாம் ஒரு விஷயமா என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

அடுத்ததுதான் ரேஷன் கார்டு. ஊரில் இருந்த கார்டை ஒப்படைத்துவிட்டு, ஒப்படைத்தாயிற்று என்று சான்றிதழும் வாங்கி வந்திருந்தோம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு ஊரில் கார்டு இருக்கக்கூடாது. ஆகவே அந்தச் சான்றிதழைக் காட்டினால்தான் இங்கே புதுக் கார்டு. கார்டு இல்லாததால் ரேஷன் மண்ணெண்ணெய் இல்லை, கேஸ் கனெக்‌ஷனுக்கும் எழுதிப்போட முடியாது. அம்மா மரத்தூளை இடித்து நிரப்பிய தகர அடுப்பில் சமைத்துக்கொண்டிருந்தாள். மாடிப்படிக்கு அடியில் புகை வெளியே போக வழியில்லை. அவளுக்குக் கண் எப்போதும் சிவந்திருக்கும், இருமல் விட்டபாடில்லை. வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் இல்லாமல் மனுப் போட முடியாது. அவரோ, கார்டு கிடைத்துவிட்டால் இவர்கள் வீட்டைக் காலி செய்ய மாட்டார்கள் என்று பயந்து ஒரு வருஷம் இழுத்தடித்தார். அப்பா நடையாய் நடந்த பிறகு ஒருவழியாக எழுதிக்கொடுத்தார்.

மே மாத லீவு. அன்று கடையில் லோடு இறங்குவதால் அப்பாவை முதலாளி விடவில்லை. அம்மா அசரவில்லை. "நாங்க போய்ட்டு வாரோம், எங்களுக்கென்ன" என்றாள். எங்களுக்கு என்றால் அவளுக்கும் எனக்கும் அந்த நோட்டுக்கும். விசேஷத்துக்குக் கட்டும் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டாள். பழவங்காடியில் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தோம். ஊர்ச் சான்றிதழ் தொலைந்துவிடக்கூடாது என்று அதை மட்டும் மற்றத் தாள்களோடு வைக்காமல், பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கைப்பையின் உள்ளறையில் வைத்திருந்தாள். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க வேண்டியது. அதற்கும் ஒரு வரி நோட்டில் இருந்தது.

ஆபீசில் கூட்டமான கூட்டம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். அம்மா உதட்டை அசைத்தபடியே வரிசையில் நகர்ந்தாள். எங்களுக்கு முன்னால் மூன்று பேர் இருந்தபோது பக்கத்து வரிசையில் வந்து நின்றது யார் என்று பார்த்தால், பாங்கு அதிகாரியின் மகள். அவள் அப்பாவோடு விலாசம் மாற்றவோ எதற்கோ வந்திருந்தாள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். ஆட்டிவிட்டு, அம்மாவின் பக்கத்திலிருந்து ஓர் அடி தள்ளி நின்றேன். யாரோ கூட்டத்தில் ஒருத்தியாக நிற்பதுபோல.

எங்கள் முறை வந்தது. அம்மா தலையை நிமிர்த்திக்கொண்டு உரக்கச் சொன்னாள். "குட் மார்னிங் சார். ஐ வான்ட் நியூ ரேஷன் கார்டு சார்."

மணி அப்போது ஒன்று ஆகப்போகிறது. காலையில் கிளம்பும்போது ஒத்திகை பார்த்ததை அப்படியே சொல்லிவிட்டாள். கிளார்க் கடிகாரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், "குட் ஆஃப்டர்நூன் மேடம்" என்றார். வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். என் சிநேகிதியும் வாயைப் பொத்திக்கொண்டாள். என் காது சூடாகிவிட்டது. அம்மா அதை ஏதோ வாழ்த்து என்று எடுத்துக்கொண்டு தானும் சிரித்தாள்.

கிளார்க் கெட்டவர் இல்லை. இங்கிலீஷில் பேசுகிற அம்மாளுக்கு இங்கிலீஷிலேயே பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார். தாள்களைப் புரட்டினார். சொந்த ஊர் எது என்று கேட்டார். தென்காசி என்ற சொல் அவர் வாயிலும் தாளிலும் இருந்ததால் அம்மா சமாளித்தாள். பிறகு அவர் குனிந்தபடியே, படபடவென்று, "ஸ்டில் ஹாவிங் எ கார்டு தேர், இன் யுவர் நேட்டிவ் ப்ளேஸ்?" என்றார்.

ஊரில் உங்களுக்கு இன்னும் கார்டு இருக்கிறதா என்று கேட்கிறார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை என்பதும் புரிந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். என்ன கேட்கிறார் என்று அவள் கண் கேட்டது. இரண்டே சொல் போதும், "இல்லைன்னு சொல்லு" என்று. தமிழில் சொல்ல வேண்டும், அதுவும் அந்தப் பெண்ணுக்குக் கேட்கும்படி. அதைச் சொன்னால் அந்த நீலப் புடவை, அந்தக் குட் மார்னிங், அந்தச் சிரிப்பு எல்லாம் என்னுடையதாகிவிடும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சுவரில் எலிகளை ஒழிக்கும் முறை பற்றி மலையாளத்தில் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. அதை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

"எஸ் சார்" என்றாள் அம்மா.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எஸ்?" என்று இன்னொரு முறை கேட்டார். அதாவது எனக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைத்தது. நான் எலிப்பொறியை எங்கே வைக்க வேண்டும் என்ற இடத்தில் இருந்தேன்.

"எஸ் சார். தேங்க்யூ சார்."

அவர் மனுவின் மேல் சிவப்பு மையில் ஒரு வரி எழுதி, எல்லாத் தாள்களையும் சேர்த்துத் திருப்பித் தந்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். கைப்பையின் உள்ளறையை யாரும் திறக்கவே இல்லை.

அம்மா வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "முடிஞ்சிட்டுட்டி! பாத்தியா, சிவப்பு மையில எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டாரு. ஒரு வார்த்த தப்பு விட்டேனா?" அவளுக்கு மலையாளம் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். சொந்த ஊரில் கார்டு இருப்பதாக மனுதாரர் ஒப்புக்கொண்டதால் நிராகரிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தது. கவுண்டர் பத்தடி தூரத்தில்தான் இருந்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் சிநேகிதி இன்னும் உள்ளேயே நின்றாள். அவள் போன பிறகு சொல்லலாம் என்று பார்த்தால், அப்போதே ஏன் சொல்லவில்லை என்று அம்மா கேட்பாளே என்ற பயம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அங்கே ஒரு டீக்கடையில் அம்மா பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, ஒன்றே ஒன்று வாங்கி என் கையில் கொடுத்தாள். தனக்கு வேண்டாமாம். "டீச்சருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். நான் அதை முழுவதும் தின்றேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. தின்றேன் என்பது மட்டுமல்ல, சூடாக, ருசியாக இருந்தது என்பதும் நினைவிருக்கிறது.

சாயங்காலம் அப்பா வந்து, தாளை வாங்கிப் பார்த்தார். இரண்டு முறை படித்தார். அவர் சத்தம் போடுகிற ஆளில்லை, அன்று குரல் உயர்ந்தது.

"ஊருல கார்டு இருக்குன்னா சொன்ன? அதைத்தான ஒப்படைச்சிட்டு வந்திருக்கோம்? சர்ட்டிபிகேட்டைக் கையில வச்சிக்கிட்டு இப்படியா சொல்லிட்டு வருவா ஒருத்தி?"

அம்மா அவர் முகத்தையும் தாளையும் மாறிமாறிப் பார்த்தாள். கவுண்டரில் கேட்டது என்ன, தான் சொன்னது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். அவள் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அப்பாவும் திரும்பினார்.

"நீ எங்கட்டி போன? இங்கிலீஷ் படிக்கியல்லா? காதுல விழல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "அவ தண்ணி குடிக்கப் போயிருந்தா. அவ பக்கத்துல நின்னிருந்தா சொல்லிருப்பால்லா? நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

புது மனுவுக்குப் புதுச் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார்கள், வீட்டுக்காரர் இரண்டாவது கடிதத்துக்குச் சுலபத்தில் மசியவில்லை. அம்மா மேலும் ஏழு மாதம் மரத்தூள் அடுப்பிலேயே சமைத்தாள். மழைக்காலத்தில் தூள் நமத்துப்போய் வெறும் புகையாக வரும். அவள் இருமும்போது நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்காருவேன். அவள் என்னை ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அந்தப் பொய்யைச் சொன்னது என்னை அப்பாவின் கோபத்திலிருந்து காப்பாற்ற என்றுதான் நான் நினைத்தேன். தன் மகள் தன்னைக் கண்டு கூசினாள் என்று சொந்தப் புருஷனிடம் ஒருத்தியால் சொல்ல முடியாது என்பதெல்லாம் பன்னிரண்டு வயதில் எங்கே தெரிகிறது. இங்கிலீஷ் வகுப்பும் தானாகவே நின்றுபோயிற்று. எனக்கு விளையாட நேரம் கிடைத்தது.

கிறிஸ்துமஸ் லீவில் புதுக் கடிதம் வந்தது. அம்மா கிளம்பினாள். இந்த முறை சாதாரணப் புடவைதான். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். போன தடவை செய்ததற்கு ஈடாக இந்த முறை எல்லாவற்றையும் நானே பேசிவிடுவது என்று மனசுக்குள் ஒரு தீர்மானம்கூட இருந்தது.

அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தலையில் ரிப்பன் அவிழ்ந்திருந்ததைச் சரிசெய்தாள்.

"நீ வேண்டாம்ட்டி. உன்கூடப் படிக்கிற பிள்ளைக யாராச்சும் அங்க வருவாவ. உனக்குச் சங்கடமா இருக்கும்லா. நான் போய்ட்டு வந்துருதேன்."

தனியாகப் போய், தமிழிலேயே பேசி, சான்றிதழைக் கவுண்டரில் எடுத்து வைத்து, கார்டுக்கு ரசீது வாங்கிக்கொண்டு மத்தியானத்துக்குள் வந்துவிட்டாள். ஐந்தே நிமிஷம்தான் ஆயிற்று என்று அப்பாவிடம் சொன்னாள்.

அவள் அன்று காலையில் என்னை வேண்டாம் என்று சொன்னபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தம்பியோடு விளையாட ஓடினேன். என் சங்கடம் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது, அந்த வரிசையில் அவள் எதையெல்லாம் பார்த்தாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அம்மா எவ்வளவு நல்லவள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.